முதலில் யார் லைனுக்கு வருவது

தம்பி,

நம் திரைப்படக் கழகத்தின் செயலாளர் என்னிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டில் அந்தப் பழைய அணுகுண்டுப் படத்தை மறுபடியும் போட்டார்கள். "மேடம், கழகத்துல பழைய ஆளுன்னு நீங்க ஒருத்தர்தான் கீறீங்க. அந்தப் படம் இன்னிக்கும் தாங்குதா இல்லையான்னு நம்ம பத்திரிகைக்கு எழுதிக் குடுங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். ஊரப்பாக்கம் வீட்டில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியே "தம்பி" என்று வந்து நிற்கிறது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன், மறுபடியும் அதேதான் வந்தது. அப்புறம் விட்டுவிட்டேன். நான் அனுப்பும் செய்திகளுக்கு "ம்" என்பதற்கு மேல் நீ பதில் போடுவதில்லை. ஆனால் கழகப் பத்திரிகை வாட்ஸ்அப் குழுவில் வந்தால் ஒரு வரி விடாமல் படிக்கிறவன் நீ. அம்மா ஊரறிய எழுதிவிட்டாளே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும், திட்டுவதற்காவது கூப்பிடு.

படம் பார்க்காதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கதையைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு மனப்பாடம் என்றாலும் பொறுத்துக்கொள். ஒரு குறுகிய கடலின் இரண்டு கரைகளில் இரண்டு நாடுகள். இரண்டிடமும் அணுகுண்டு இருக்கிறது. ஒரு நாட்டில் புதிதாகக் கட்டிய ஏவுகணைக் கிடங்கைத் திறந்துவைக்க அமைச்சர் வருகிறார். ரிப்பன் வெட்டி, மாலை போட்டு, பாண்டு வாத்தியமும் முடிந்துவிடுகிறது. புகைப்படக்காரன் கேட்கிறானே என்று ஒரு பொத்தான் மேல் விரலை வைத்துக் காட்டுகிறார், விரல் அழுந்திவிடுகிறது, ஏவுகணை கிளம்பிவிடுகிறது. இன்னும் நேரம் இருக்கிறது. தவறு நடந்துவிட்டது, வருகிற வழி இதுதான், நடுவானிலேயே அழித்துவிடுங்கள் என்று அக்கரை அதிபரிடம் போனில் சொன்னால் போதும். ஆனால் உங்கள் அதிபர் முதலில் லைனுக்கு வரட்டும், எங்கள் அதிபர் காத்திருக்க மாட்டார் என்று இரண்டு பக்கத்து உதவியாளர்களும் அடம்பிடிக்கிறார்கள். படத்தில் முக்கால்வாசி இந்தச் சண்டைதான். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் இரண்டு டெலிபோன் ஆப்பரேட்டர் பெண்கள். கடைசியில் அவர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு ஒரு பொய் சொல்கிறார்கள். "அவர்தான் உங்களைக் கூப்பிடுகிறார், லைனில் இருக்கிறார்" என்று இரண்டு அதிபர்களிடமும் சொல்லி இணைத்துவிடுகிறார்கள். பெரியவர்கள் பேசுவதைக் கேட்கக் கூடாதென்று மரியாதையாக ஹெட்செட்டையும் கழற்றி வைத்துவிடுகிறார்கள். இரண்டு அதிபர்களும் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கூப்பிட்டவன்தானே முதலில் பேச வேண்டும் என்று இவரும் காத்திருக்கிறார், அவரும் காத்திருக்கிறார். ஜன்னல் மெதுவாக வெளுக்கிறது, படம் முடிந்துவிடுகிறது.

முதல் தடவை இதைப் பார்த்தபோது நான் சிரித்த சிரிப்பில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய காலம் அது. அதிகாரிகளின் கால் வந்தாலே எங்களுக்குத் தலைவலி. இந்தப் பக்கத்து பி.ஏ., "உங்க அய்யாவ மொதல்ல வரச் சொல்லும்மா, எங்க அய்யா வெயிட் பண்ண மாட்டாரு" என்பார். அந்தப் பக்கத்து பி.ஏ. அதையே திருப்பிச் சொல்வார். யார் முதலில் ரிசீவரை எடுக்கிறாரோ அவர் ஒரு படி கீழே போய்விட்டார் என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு. ஏரி உடையப் போகிறது என்று சொல்லத்தான் கூப்பிட்டிருப்பார்கள். அப்போதும் இந்தப் பஞ்சாயத்து நடக்கும். நாங்கள் கண்டுபிடித்த வைத்தியமும் படத்துப் பெண்களுடைய வைத்தியம்தான். இரண்டு பக்கமும் "சார் லைன்ல இருக்கார்" என்று சொல்லி பிளக்கைச் செருகிவிடுவோம். ஆனால் செருகியதும் உரக்க "பேசுங்க" என்று ஒரு குரல் கொடுப்போம். அந்தக் குரல் கொடுக்காவிட்டால் இரண்டு பேரும் ஊமையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வாயைத் திறந்த பிறகுதான் நாங்கள் விலகுவோம். ஒட்டுக்கேட்பது எங்கள் தொழிலில் பெரிய அசிங்கம். "இந்தப் பொண்ணுங்க பேசுங்கன்னு சொல்ல மறந்துட்டாங்க, அதான் உலகம் போச்சு" என்று உன் அப்பாவிடம் கொட்டகையிலேயே சொன்னேன். "நீ இருந்திருந்தா பொழச்சிருக்கும்" என்று அவர் கிண்டல் செய்தார். எனக்கு அன்றைக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

நீ கல்லூரியில் சேர்ந்த பிறகு உனக்கும் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினோம். மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கை கால் கழுவிக்கொண்டு, உன் அப்பா உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். படத்தைப் பார்க்காமல் நீ எங்கே சிரிக்கிறாய் என்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அது நம் வீட்டுப் பேச்சாகிவிட்டது. உங்கள் இருவருக்கும் சண்டை வந்தால் நீ அடுப்படிக்கு வந்து, "எங்கப்பாவ மொதல்ல லைனுக்கு வரச் சொல்லு" என்பாய். அவர் ஹாலில் இருந்து, "எங்க அய்யா வெயிட் பண்ண மாட்டார்னு சொல்லு" என்பார். நான் கரண்டியைக் காதில் வைத்துக்கொண்டு, "பேசுங்க" என்பேன். மூன்று பேரும் சிரித்துவிடுவோம், சண்டை போய்விடும். அப்படி ஒரு வீடு நமக்கு இருந்தது என்பதை நீ மறந்துவிட்டாயோ என்று எனக்குச் சில நாள் பயமாக இருக்கிறது.

செயலாளர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். படம் தாங்குகிறது, சந்தேகமில்லை. நடுவில் ஒரு தளபதி ஓயாமல் தின்றுகொண்டிருக்கும் வேடிக்கை மட்டும் சலித்துவிட்டது. அந்த ஆப்பரேட்டர் பெண்களுக்குப் படம் முழுக்கப் பெயரே இல்லை என்பது இப்போதுதான் என் கண்ணில் பட்டது. ஆனால் கூட்டத்தில் சிரிப்புச் சத்தம் குறைந்துவிட்டது, தம்பி. பொத்தான் அழுந்தும் இடத்தில் அந்தக் காலத்தில் கூரை பறக்கும். இந்தத் தடவை நாலைந்து பேர் சிரித்துவிட்டு, பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பையன் படம் முடிந்ததும் என்னிடம் வந்து, "ஆன்ட்டி, காமெடின்னு நோட்டீஸ்ல போட்டிருந்தீங்க. எனக்கு நியூஸ் பாக்குற மாதிரிதான் கீது" என்றான். அவன் சொன்னது சரி. ஒன்று மட்டும் வித்தியாசம். படத்து அதிபர்களுக்குக் கொஞ்சம் வெட்கம் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டுதான் முட்டாள்தனம் செய்தார்கள். இப்போது இருப்பவர்கள் கையில் இருக்கும் போனிலேயே உலகம் முழுக்கப் பார்க்க மிரட்டல் விடுகிறார்கள், அதற்குக் கீழே மக்கள் கைதட்டுகிற படம் போடுகிறார்கள். நடுவில் ஒரு ஆப்பரேட்டர் கிடையாது. நல்லதற்காக ஒரு பொய் சொல்லி இரண்டு பேரைப் பேசவைக்க ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டதே என்று, அந்தத் தொழிலில் இருந்தவள் என்பதால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

அதில் ஒரு சின்னக் காட்சி வரும், உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் குறுகிய கடலில் ஒரு படகு. அதில் இருக்கும் மீனவர்கள் தலைக்கு மேல் ஏவுகணை போவதைப் பார்த்து, ஏதோ திருவிழா வாணம் என்று நினைத்துக் கையசைப்பார்கள். அதற்கும் நாம் சிரித்திருக்கிறோம். போன ஞாயிறு அந்த இடம் வந்ததும் எனக்கு நம் வீட்டு மருமகள் ரேவதியின் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவருடைய ஃபைபர் படகும், என்னைப் பார்த்தால் தூரத்திலிருந்தே அவர் கை தூக்கும் விதமும் அப்படியே அதில் இருந்தன. எழுந்து வெளியே போய் நின்றேன். செயலாளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ரேவதியைக் கட்டிக்கொள்கிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து நம் வீட்டில் இந்தப் படம் வேறு மாதிரி ஓட ஆரம்பித்தது. "பொண்ணு வூட்டுக்காரங்கதான் மொதல்ல வந்து பேசணும், அதான் முறை" என்றார் உன் அப்பா. மாமல்லபுரத்துக்குத் தெற்கே அவர்கள் குப்பத்தில், "பையன் வூட்டுக்காரங்க ஊர்ப் பெரியவங்க முன்னாடி வந்து கேக்கணும், அதான் முறை" என்றார் ரேவதியின் அப்பா. இவர் வாசலைப் பார்த்துக்கொண்டு இங்கே இருந்தார், அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு அங்கே இருந்தார். உன் அப்பாவின் முறைக்குப் பின்னால் சாதி இருந்தது என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்ததால் அதற்கு முறை என்று பெயர் வைத்துக்கொண்டார். நீ ரிஜிஸ்டர் ஆபீஸில் மாலை மாற்றிக்கொண்டாய், நான் மட்டும் வந்தேன். திரும்பி வந்ததும் அவர் என்னைக் கேட்டது ஒன்றுதான். "அந்தப் பொண்ணு இன்னா கலர் புடவ கட்டியிருந்துச்சு?" அரக்கு என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டார். அன்றைக்கு என்ன நிகழ்ச்சி ஓடியது என்று கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. நீ ரேவதியைக் கூட்டிக்கொண்டு வளைகுடாவுக்குப் போனாய். அங்கிருந்து என்னிடம் மட்டும் பேசுவாய். "அப்பா மொதல்ல லைனுக்கு வரட்டும்" என்பாய். நம் பழைய வேடிக்கை வார்த்தையேதான், ஆனால் சிரிப்பு இல்லாமல் அதைக் கேட்பது எனக்கு எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வரவில்லை.

இப்போது அதே வார்த்தையை நீ உன் பெண்டாட்டிக்குச் சொல்கிறாய். அவளுடைய தம்பியின் கல்யாணத்துக்கென்று அவள் ஊருக்கு வந்தாள். வந்த பிறகுதான் நீ இருக்கும் ஊருக்கு மேலே ஏவுகணைகள் போக ஆரம்பித்தன. அவள் உன்னை வரச் சொன்னாள், நீ அவளைப் பதறாதே என்றாய், பேச்சு முற்றிப் போனை வைத்தீர்கள். அதோடு சரி. கடைசியாக நீ என்னிடம் பேசியபோது கேட்டதற்கு, "அவ பண்ணட்டும்மா. நான் இங்க ஜாலியாவா கீறேன்?" என்றாய். படம் பார்த்துவிட்டு வந்த மறுநாள் நான் பஸ் பிடித்துக் குப்பத்துக்குப் போனேன். அவர்கள் வீட்டு வாசலில் நின்றால் தெற்கே அணு உலைக் கட்டடங்கள் தெரியும். சைரன் ஊதி ஒத்திகை பார்ப்பதெல்லாம் அங்கே பழகிப்போன சங்கதி. கதவைச் சாத்தச் சொன்னால் சாத்துவார்கள், திறக்கச் சொன்னால் திறந்துகொண்டு குழம்பைக் கிளறப் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த பெண் பயப்படுகிறாள் என்றால் அது டிவியைப் பார்த்து வந்த பயமில்லை. "எனுக்கு பயமா கீதுன்னு சொன்னேன் அத்தை. அதுக்கு அவரு, பயமா இருந்தா டிவி பாக்காதன்னுட்டாரு. எப்பவும் நானே கூப்டணுமா? அவரு ஒரு தடவை கூப்டட்டும்" என்றாள். சொல்லிவிட்டு மீன் கழுவப் போனாள். போனை ஜன்னல் மேல் எனக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "அடிச்சா ஒரு குரல் குடுங்க அத்தை" என்றாள். யார் கூப்பிடுவார்கள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவள் அப்பா படகு இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தவர், கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். "சம்பந்தியம்மா, நான் அன்னிக்கே உங்க வூட்டுக்கு வந்திருக்கணும். அவரு வருவாருன்னு நான் பாத்துகினு இருந்தேன். நான் வருவேன்னு அவரு பாத்துகினு இருந்திருப்பாரு. இப்ப யார்கிட்ட போய் பேசறது?" என்றார். முறை என்று சொன்ன அதே வாய்தான். அவர் கொடுத்த டீயை ஆறவிட்டுக் குடித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து செங்கல்பட்டு வரைக்கும் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என்ன என்று கேட்காமல் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள். அவளுக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

ஜன்னல் மேல் இருந்த அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பழைய புத்தி வராமல் இல்லை. உனக்கு ஒரு கால் போட்டு, "ரேவதி பேசணும்னு அழுவுறா, லைன்ல இரு" என்று சொல்லிவிட்டு, அவளிடம் "அவன்தான் கூப்பிட்டான்" என்று நீட்டியிருக்கலாம். என் கை என்னுடைய போன் வரைக்கும் போனது. எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று உனக்குச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டு வருகிறேன்.

உன் அப்பா காரியத்துக்கு நீ வந்திருந்தபோது, மொட்டை அடித்த தலையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று சொன்னாய். "அவரே கூப்ட்டாரும்மா. கூப்ட்டுட்டு ஒரு வார்த்த பேசல. மூச்சு மட்டும் கேட்டுச்சு. சாவற நேரத்துலயும் என்னை வெயிட் பண்ண வெச்சு ஜெயிச்சிட்டாரு." அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு ஆட்கள் போன பின்னும் சொல்லவில்லை. நீ அந்தக் கல்லை நெஞ்சில் வைத்துக்கொண்டே விமானம் ஏறினாய். இப்போது ரேவதியோடு நீ பேசும் பேச்சில் அந்தக் கல்தான் உருளுகிறது. அவள் முதலில் வரட்டும் என்று நீ சொல்லும்போது உன் அப்பாவோடு நீ இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாய்.

உன் அப்பா உன்னைக் கூப்பிடவில்லை, தம்பி. அந்த மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் பெண் என்னை வெளியே கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். நான் வராந்தாவில் நின்று உனக்குப் போன் போட்டேன். "அப்பா பேசணும்னு சொல்றாரு, லைன்ல இரு" என்றேன். உள்ளே போய், "பையன் கூப்ட்டிருக்கான், பேசணுமாம்" என்று சொல்லி அவர் காதில் வைத்தேன். பிளக்கைச் செருகுகிற மாதிரிதான் செய்தேன். அவருக்கு முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மகன் தோற்றுவிட்டான் என்ற மலர்ச்சி அல்ல அது, அதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன். போனை அவர் கையிலேயே பிடித்துக்கொண்டார். அப்பாவும் பிள்ளையும் இத்தனை நாள் கழித்துப் பேசப்போகிறார்கள், நடுவில் நான் எதற்கு என்று நான் ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். எங்கள் தொழில் மரியாதை அப்படி. கீழே ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகையை அடக்கிக்கொண்டிருந்தேன். "பேசுங்க" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வாழ்நாள் முழுக்க யார் யாருக்கோ சொன்னவள் நான்.

கூப்பிட்டவன் பேசுவான் என்று அவர் இருந்திருக்கிறார். கூப்பிட்டவர் பேசுவார் என்று நீ இருந்திருக்கிறாய். நீ எவ்வளவு நேரம் காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது. உன்னைக் குறை சொல்லவில்லை, உன் இடத்தில் யாராக இருந்தாலும் போனை வைத்துவிட்டிருப்பார்கள்.

நீ வைத்த பிறகு அவர் பேசினார். "ஹலோ" என்ற சத்தம் கேட்டுத்தான் நான் திரும்பினேன். போன் வெளிச்சம் அணைந்திருந்தது. லைன் போய்விட்டது என்று அவருக்குத் தெரியவில்லை. "ஹலோ, தம்பி" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "சாப்ட்டியாப்பா?" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணு நல்லா கீதா?" என்றார். அந்தப் போனை வாங்கி மறுபடி உன்னைக் கூப்பிட வேண்டும் என்றுகூட எனக்கு அந்த நேரம் உறைக்கவில்லை. அவர் போனைக் காதிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார். "ஒண்ணும் கேக்கல. நான் பேசினது அவனுக்குக் கேட்டுச்சா?" என்றார். கேட்டது என்றேன். "இன்னா சொன்னான்?" என்றார். சாப்பிட்டேன் என்று சொன்னான், ரெண்டு பேரும் நன்றாக இருக்கிறோம் என்று சொன்னான் என்றேன். சரி என்று தலையசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். என் தொழிலில் நான் சொன்ன கடைசிப் பொய் அது. அதற்காக நான் வருத்தப்படவில்லை. அதற்கு முந்திய பொய்க்காகத்தான் ஒவ்வொரு நாளும் வெந்துகொண்டிருக்கிறேன்.

அதனால்தான் குப்பத்தில் என் போனை நான் எடுக்கவில்லை. இனி யாரையும் நான் பொய் சொல்லி இணைக்க மாட்டேன். பத்திரிகையில் இது வந்ததும் ரேவதியும் படிப்பாள், குழுவில் அவளையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். யாரும் உன்னைக் கூப்பிடப்போவதாக நான் சொல்லவில்லை, நீதான் கூப்பிட வேண்டும். உன் தலைக்கு மேல் போகிறவை வாணம் இல்லை. சாப்பிட்டாயா என்று கேள், எனக்கும் பயமாக இருக்கிறது என்று சொல், அது போதும். கோபத்தில் அவள் எடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பாள், எனக்கு அவளைத் தெரியும். எதிர்ப்பக்கம் சத்தம் வரவில்லையென்றால் உடனே வைத்துவிடாதே, தம்பி. இன்னும் கொஞ்ச நேரம் லைனில் இரு.

அம்மா